யாரும் பார்சல் கொடுக்காத ஆள்

கவிதா அனுப்பியிருந்த படிவத்தின் முதல் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. ‘பணியிடத்தில் உங்களை யாராவது தொடர்ந்து அவமதிக்கிறார்களா? ஆம் அல்லது இல்லை என்று குறியிடவும்.’ கவிதா என் சர்வீஸின் கடைசிக் காலத்தில் என்னிடம் வேலை பழகியவள். இப்போது துபாயில் ஒரு பெரிய கம்பெனியில் மனிதவள மேலாளர். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் திரையில் தோன்றிப் பேச வேண்டுமாம். “சார், உங்க காலத்துல இந்த மாதிரி கம்ப்ளெய்ன்ட் எல்லாம் எப்படி ஹேண்டில் பண்ணீங்கன்னு சொல்லுங்க, போதும்” என்றாள்.

எங்கள் காலத்தில் அப்படி ஒரு புகாரே வந்ததில்லை. இதைச் சொன்னால் அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தோம் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். நான் அவ்வளவு நல்ல எண்ணம் கொண்டவன் இல்லை. காய்கறிக்காரன் தானாகவே ஒரு தக்காளியைக் கூடப் போட்டால், அழுகலை நம் தலையில் கட்டுகிறான் என்று கவிழ்த்துப் பார்க்கிற ஆள். என் மனைவி இதை எங்கள் கல்யாண நாளிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். ஊழியர் விவகாரம் பார்க்கிற பர்சனல் பிரிவில் உட்கார இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை என்பது என் கட்சி.

பி.காம், டைப்ரைட்டிங் என்று வழக்கமான முதலீட்டோடு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் துபாயின் தேராவில் ஒரு வியாபாரக் கம்பெனிக்கு வந்தேன். அங்கே ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. பிறகு ஷார்ஜாவில், ஏசி காற்று ஓடும் தகரக் குழாய்களைச் செய்கிற பட்டறை ஒன்றில் பர்சனல் பிரிவில் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தது. அந்தக் குழாய்க்கு அங்கே எல்லாரும் சொல்கிற பேர் டக்ட். ஊர் நடுவே ரோலாவில் மூன்றாவது மாடியில் குடும்பத்தோடு வீடு, காலையில் கம்பெனி வண்டியில் இண்டஸ்ட்ரியல் ஏரியா, சாயங்காலம் திரும்பி வருவது. லீவு, விசா, பாஸ்போர்ட், டிக்கெட், தொழிலாளர்கள் தங்குகிற கேம்பில் யாருக்கு எந்தக் கட்டில் என்பது வரை என் கவுண்ட்டர்தான்.

அந்தக் கவுண்ட்டரில் யாரும் உண்மைக் காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். வயிற்றுவலி என்று லீவு கேட்டால் ரூமில் சண்டை. ரூம் மாற்றச் சொன்னால் வாங்கிய கடன். டியூட்டி மாற்றச் சொல்பவனுக்குப் பெரும்பாலும் ஃபோர்மேனோடு தகராறு. ஊருக்கே போகிறேன், கேன்சல் பண்ணுங்கள் என்று ஒருவன் வந்தால் இரண்டில் ஒன்று: பாக்கெட்டில் வேறு கம்பெனி விசா இருக்கிறது, இல்லையென்றால் எதற்கோ பயந்து ஓடுகிறான். எது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மேலதிகாரி அப்படி நினைக்கவில்லை.

அவர் பெயர் உஸ்மான். சூடான்காரர், நிர்வாக மேலாளர். ஆறடிக்கு மேல் உயரம், குரலோ பக்கத்து நாற்காலியைத் தாண்டாது. யார் வந்தாலும் முதலில் பாலில்லாத சுலைமானி டீ. வந்தவனை மேஜைக்கு எதிரே உட்கார வைக்க மாட்டார். எழுந்து வந்து சோஃபாவில் அவன் பக்கத்தில் உட்காருவார். கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைப்பார். என்ன பிரச்சினை என்று கேட்கவே மாட்டார். ‘யாரோடு சாப்பிடுகிறாய்? வேனில் எங்கே உட்காருகிறாய்? ராத்திரி லைட்டை யார் அணைக்கிறார்கள்?’ இப்படித்தான் கேட்பார். ஹிந்தியும் அரபியும் கலந்து அவர் கேட்பதை, தமிழ் ஆட்களுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டும். ஃபைல் மலைபோலக் கிடக்கும்போது லைட் அணைக்கிற கதையை மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பேன். எரிச்சலாக வரும்.

எதையும் அவர் எழுதிக்கொள்ளவும் மாட்டார். அங்கேதான் எனக்கு உறுத்தியது. காகிதத்தில் ஏறிவிட்டால் லேபர் ஆபீஸ் வரை போகும், கம்பெனிக்குத் தலைவலி. அதனால்தான் மனிதர் டீ கொடுத்தே ஆளை அனுப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்டதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிற அளவுக்குத் துணிச்சலும் இருந்தது. அவர் சிரித்துவிட்டு, “மூர்த்தி, உன் டீ ஆறுகிறது” என்பார். அது பதிலா என்ன?

ரவிச்சந்திரன் வந்தது ஒரு கோடைக் காலத்தில். அறந்தாங்கிப் பக்கத்துப் பையன். தகரத்தில் கோடு போட்டு மார்க் பண்ணுகிற வேலையில் கெட்டிக்காரன். வந்ததிலிருந்து ஒரு முறைகூட ஊருக்குப் போகவில்லை. அங்கே பிறந்த மகளின் முகத்தை ஃபோட்டோவில்தான் பார்த்திருந்தான். வீட்டில் சம்பாதிப்பவன் அவன் ஒருவன்தான். அப்படிப்பட்டவன் கவுண்ட்டரில் நின்று, “சார், கேன்சல் பண்ணி அனுப்பிருங்க” என்றான்.

கேன்சல் என்றால் விசா ரத்து. அதில் கையெழுத்துப் போட்டுப் போனவன் திரும்ப அந்த நாட்டுக்குள் வருவது அன்றைக்கு லேசுப்பட்ட காரியமில்லை. ஏன் என்று கேட்டேன். “சொந்த விஷயம் சார்” என்றான். என் பக்கம் பார்க்காமல் கவுண்ட்டரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார் துரைராசு.

துரைராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறை ஃபோர்மேன். ரவியின் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர், ரவிக்கு விசா எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அவன் பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருந்த ஒரு அறை நிறைய ஆட்களுக்கும் அவர்தான் விசா கொடுத்தவர். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மாத்திரையோடு நிற்பார், யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் பட்டறை முழுக்க மிட்டாய் கொடுப்பார். எல்லாருக்கும் அண்ணன். அவ்வளவு நல்லவராக ஒருவர் இருந்தால் எனக்குக் கை அரிக்கும். ஆனால் என்னிடம் என்ன ஆதாரம்? மிட்டாய் கொடுத்தார் என்றா எழுதுவது?

“நம்ம புள்ளதான் சார். வீட்டு நெனப்பு வந்துருச்சு, ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கிறான்” என்றார் துரைராசு. “நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். மெஷின் பக்கத்துல நிக்கிற பய, கையக் கிய்ய விட்டுட்டான்னா யாரு பதில் சொல்றது? போகட்டும், விட்ருங்க.”

கேட்டது ரவியை, பதில் அவரிடமிருந்து. இருவரையும் உஸ்மானின் அறைக்கு அழைத்துப் போனேன். டீ வந்தது. உஸ்மான் எழுந்து வந்து ரவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், கண்ணாடியைத் துடைத்தார். யாரோடு சாப்பிடுகிறாய் என்று கேட்டார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் துரைராசு, “எங்க கூடத்தான் சார், ஒரே மெஸ்ஸு” என்றார். வேனில் எங்கே உட்காருகிறாய்? “எடம் கெடைக்கிற எடத்துல” என்றான் ரவி. அவ்வளவுதான் அவன் பேசியது. டீயைக்கூடத் துரைராசு குடிக்க ஆரம்பித்த பிறகுதான் எடுத்தான்.

உஸ்மான் முடிவு சொன்னார். கேன்சல் மாஃபி, அதாவது கிடையாது. வருடாந்தர லீவு பாக்கி இருக்கிறது, அதில் போகட்டும், திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம். துரைராசு தலையாட்டிச் சிரித்தார். கதவு வரை போனவர் திரும்பி, “அப்பறமாக் கேன்சல் பண்ணிக்கலாம்ல சார்?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். லீவில் போகிற ஒருவனைப் பற்றி ஒரு ஃபோர்மேனுக்கு இத்தனை கரிசனம் எதற்கு? எனக்கு உள்ளே மணி அடித்துவிட்டது.

இங்கே கேம்பின் வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் அடுத்தது புரியும். யாராவது லீவில் போகிறான் என்றால் அவன் பெட்டி அவனுடையது இல்லை. சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பார்சல் கொடுப்பார்கள். பால்பவுடர் டின், தைலம், சோப்பு, சேலை, டார்ச் லைட், பிள்ளைக்கு ஃபிராக். எனக்கு ரெண்டு கிலோ, உனக்கு ஒரு கிலோ என்று அடிபிடி நடக்கும். போகிறவன் அந்த வாரம் ராஜா. வேண்டாம் என்று சொல்லவே கூடாது. சொன்னால் அது பெரிய அவமானம். பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட மூன்றாவது ஆள் மூலம் பார்சலைக் கொடுத்துவிடுவான். கோபம் வேறு, கிலோ வேறு.

விமான நிலையத்தில் எடை கூடிப்போய், பெட்டியைத் தரையில் பிரித்து வைத்து அழுதவர்கள் உண்டு. அதனால் கிளம்புகிறவனின் சாமான்களை முந்தின நாளே கேம்பில் போய் நிறுத்துப் பார்ப்பது எங்கள் கம்பெனி முறை. கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசை உத்தரத்தில் கட்டுவேன். ஒவ்வொரு பார்சலையும் கொடுத்தவன் முன்னாலேயே பிரித்து, கைவிட்டுத் துழாவி, யார் கொடுத்தது என்று மேலே மார்க்கரில் எழுதி, அதன் பிறகுதான் அட்டைப்பெட்டிக்குள் வைப்பது. நீலக் கயிற்றால் நாலு பக்கமும் கட்டிப் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டால் முடிந்தது. தெரியாத பொருளை யாரும் யார் கையிலும் கொடுத்தனுப்பிவிடக் கூடாது என்பதில் நான் ஈவிரக்கம் பார்ப்பதில்லை. சேலை மடிப்பைக்கூட உதறிப் பார்ப்பேன். முதுகுக்குப் பின்னால் என்னைக் ‘கஸ்டம்ஸ்’ என்று கூப்பிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ரவி விஷயத்தில் மட்டும் உஸ்மான், “முந்தின நாள் வேண்டாம், இப்போதே போய் ஒரு தடவை நிறுத்துவிட்டு வா” என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. ஆளைச் சீக்கிரம் கழற்றிவிடப் பார்க்கிறாரோ என்று அவர் மேலும் எனக்கு ஐயம். முணுமுணுத்துக்கொண்டே தராசைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ரவியின் பெட்டியைக் கொக்கியில் மாட்டினால் முள் நகரவே யோசித்தது. இத்தனை வருடம் கழித்து ஊருக்குப் போகிறவன் பெட்டியில் அவனுடைய இரண்டு சட்டை, மகளுக்கு ஒரு பொம்மை, மனைவிக்கு ஒரு சேலை. வேறு எதுவும் இல்லை.

“யாரும் பார்சல் குடுக்கலியா?” என்றேன்.

“எல்லாரும் முன்னாடி போனவுக கிட்டயே குடுத்து விட்டுட்டாக சார்.”

பொய். அவன் ஊர்ப் பக்கத்துக்கு மாதக்கணக்காக யாருமே போகவில்லை. டிக்கெட் போடுகிறவன் நான், எனக்குத் தெரியாதா? அறையைச் சுற்றிப் பார்த்தேன். கட்டில்களில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் திடீரென்று தூங்கிப்போயிருந்தார்கள். ஒரு ஆளோடு ஒருவனுக்குச் சண்டை வரலாம், இருவருக்கு வரலாம். ஒரு அறை முழுக்க ஒரே நேரத்தில் ஊருக்கு அனுப்ப ஒன்றுமில்லாமல் போகுமா? யாரோ சொல்லித்தான் இது நடக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் யாரிடம் காட்டுவது?

தராசை வண்டியில் வைக்கும்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து சையது பாய் வந்தார். டக்டுகளின் மேல் குளிர் வெளியேறாமல் கண்ணாடிக் கம்பளி சுற்றுகிறவர், வயதானவர், அதிராம்பட்டினம். கையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு பார்சல்.

“சார், இத நீங்க குடுத்ததாச் சொல்லி அந்தப் புள்ள பெட்டில வச்சிருங்க. என் பேரு வரக் கூடாது.”

“ஏன் பாய்?”

“அண்ணன் சொல்லிட்டாரு சார். அவன்ட்ட யாரும் பார்சல் குடுக்கக் கூடாதுன்னு. எம் மருமவன் விசா அவரு கையிலதான் இருக்கு. எனக்கென்ன வயசா இருக்கு, இன்னொருத்தர்ட்ட போயி நிக்க?”

அதன் பிறகு மடை திறந்த மாதிரி சொன்னார். இன்ஜினியர் ஒருநாள் எல்லார் முன்னாலும் ரவியின் வேலையைப் பாராட்டி, இவனை ஃபோர்மேனுக்கு அடுத்த சார்ஜ் ஹேண்ட் ஆக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து ஆரம்பம். அவன் பட்டறைக்குள் நுழைந்தால் துரைராசு, “எந்திரிங்கடா, இன்ஜினியர் வந்துட்டாரு” என்பார். எல்லாரும் சிரிக்க வேண்டும், சிரிக்காதவனை அவர் பார்ப்பார். டிராயிங்கை மத்தியானம் வரை கையிலேயே வைத்திருந்து, கொடுத்த கொஞ்ச நேரத்தில் ‘இன்னும் ஆகலியா’ என்று நாலு பேர் முன்னால் கேட்பார். வேன் அவன் ஏறுவதற்குள் நகர்ந்துவிடும். மெஸ்ஸில் அவன் முறை வரும்போது சமைத்ததை யாரும் தொடவில்லை. அவனே ஒதுங்கித் தனியாக ரொட்டி வாங்கித் தின்ன ஆரம்பித்துவிட்டான். ஒருநாள் கூட ஒரு அடி, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. எல்லாம் சிரிப்புத்தான்.

இதில் எதை எழுதிப் புகார் கொடுப்பது? வேன் நகர்ந்ததையா? ஒவ்வொன்றும் கேட்டால் சில்லறை விஷயம். ரவியும் கொடுக்க மாட்டான். விசா கொடுத்தவரைப் பற்றி வாய் திறந்தால், அடுத்த வாரம் ஊரில் அவன் அப்பாவை டீக்கடையில் நன்றி கெட்ட குடும்பம் என்பார்கள். அந்தப் பயம்தான் துரைராசுவின் மூலதனம். அந்த ஆளின் மிட்டாயை நானும் வாங்கித் தின்றிருக்கிறேன் என்று நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் உஸ்மானிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “வார்னிங் லெட்டர் அடிக்கிறேன், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்” என்றேன்.

“சாட்சி யார்? சையதா? அவர் மருமகன் வரும் வரை அவர் வாய் திறக்க மாட்டார். லெட்டரைப் பார்த்ததும் துரைராசு யார் சொன்னது என்றுதான் தேடுவான்.”

“அப்படியானால் சும்மா விடுவதா?”

“அவன் கையில் என்ன இருக்கிறது, மூர்த்தி?” என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே எல்லா ஃபோர்மேன்களையும் டீக்குக் கூப்பிட்டார். இனிமேல் உறவுக்காரர்களுக்கு விசா கேட்கிறவர்கள் நேராகப் பர்சனல் கவுண்ட்டரில் மூர்த்தியிடம் கேட்கலாம், ஃபோர்மேனின் சிபாரிசோ கையெழுத்தோ வேண்டியதில்லை, ஏற்கெனவே கொடுத்த பெயர்களும் அப்படியே கவுண்ட்டருக்கு வந்துவிடும். “உங்களுக்கு வேலைச் சுமை அதிகம், அதனால்தான்” என்றார். அதே மூச்சில், ரவிச்சந்திரன் லீவு முடிந்து வந்தால் மார்க்கிங் டேபிளில் இன்ஜினியருக்குக் கீழே நேரடியாக வேலை செய்வான் என்றும் சொன்னார். கலாஸ், பேச்சு முடிந்தது. துரைராசுவின் பெயரைக்கூட எடுக்கவில்லை. துரைராசு சிரித்தபடியே டீயைக் கலக்கினார், கலக்கினார், குடிக்கவே இல்லை.

எனக்கு ஆறவில்லை. துரைராசு அதே நாற்காலியில், அதே சம்பளத்தில்தானே இருக்கிறார்? அவரை ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். ஒரு ஹோட்டலுக்கான டக்ட் வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது, இப்போது ஃபோர்மேனை மாற்ற முடியாது என்றார் உஸ்மான். ஆக ரவிக்காகச் செய்தாரா, ஹோட்டல் வேலை கெடாமல் இருக்கச் செய்தாரா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் நல்லவர் என்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. அந்தச் சாயங்காலம் செய்தது சரி என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகையும் சாப்பாடும் முடிந்த மத்தியானம், மறுபடி தராசோடு கேம்புக்குப் போனேன். விசா சேதி கேம்ப் முழுக்கப் பரவியிருந்தது. ரவியின் கட்டிலைச் சுற்றி நிற்க இடமில்லை. ஆளுக்கு ஒரு பார்சல். “ரவி, எங்க ஆத்தாவுக்குடா”, “மாப்ள, ஒரு கிலோதான், பாத்துக்க.” சில நாள் முன்பு தூங்குகிற மாதிரி நடித்தவர்கள் இவர்கள். எனக்கு ஒவ்வொருவன் முகத்திலும் ஒன்று கொடுக்கலாமா என்றிருந்தது. ரவி எல்லாவற்றையும் வாங்கி என்னிடம் நீட்டினான். நான் பிரித்தேன், துழாவினேன், எழுதினேன். சையது பாயின் பார்சலில் மட்டும் அவர் கேட்டபடி என் பெயர். எடை கூடியபோது அவன் தன்னுடைய சட்டைகளை வெளியே எடுத்து வைத்தான்.

“ஏன்ப்பா, உன் சாமானை எடுக்கிற?”

“இருக்கட்டும் சார். இதக் கொண்டுபோய்க் குடுத்தாத்தான் நான் திரும்பி வந்து இவுக கூட இருக்க முடியும்.”

அப்போது துரைராசு உள்ளே வந்தார். அதே சிரிப்பு. கையில் பெரிய பார்சல். “தம்பி, வீட்டுல குடுத்துரு. ஒங்க அண்ணி கேட்டா, அண்ணன்தான் என்னய நல்லாப் பாத்துக்கிட்டாருன்னு சொல்லு” என்று கட்டிலில் வைத்தார். நான் விடவில்லை. அவர் முன்னாலேயே பிரித்து, சோப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, தைல டப்பாவைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தேன். அந்த ஆள் எதையாவது ஒளித்து வைத்துப் பையனை மாட்டிவிடுவார் என்றே நம்பினேன். ஒன்றும் இல்லை. சுத்தமான சோப்பு, சுத்தமான தைலம். திரும்பக் கட்டிக் கொக்கியில் மாட்டப் போனேன்.

“அது வேணாம் சார்” என்றான் ரவி.

“வெயிட்டு இன்னும் இருக்கேப்பா” என்றேன்.

“மத்தது எல்லாம் கொண்டு போறேன்.” துரைராசுவைப் பார்த்துத் திரும்பினான். “ஒங்களுது வேணாம்ணே.”

கேம்பில் பார்சலை வேண்டாம் என்று ஒருவன் சொல்லி அன்றுதான் கேட்டேன். துரைராசுவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் ரவியைப் பார்க்கவில்லை, சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும்: எடுங்கடா உங்க பார்சலை. எவனாவது ஒருவன் குனிந்து தன் பார்சலை எடுத்தால் போதும், மற்ற எல்லாரும் எடுத்துவிடுவார்கள். எடுப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சையது பாய் நகர்ந்து முன்னால் வந்தார். “சார், அந்த பிளாஸ்டிக் கவர் பார்சல்ல உங்க பேர எழுதிருக்கீங்க. அது என்னுது. மாத்தி எழுதுங்க” என்றார்.

நான் மார்க்கரை எடுத்து என் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன். “பாய், நல்லாப் பெருசா எழுதச் சொல்லுங்க” என்றான் ஒருவன். இன்னொருவன் குனிந்தான், பார்சலை எடுக்கத்தான் என்று நினைத்தேன், அவன் நீலக் கயிற்றின் நுனியைப் பிடித்து, “கட்டலாமா சார்?” என்றான். துரைராசு தன் பார்சலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரும் வழி விடவும் இல்லை, மறிக்கவும் இல்லை.

ரவி லீவு முடிந்தால் வரமாட்டான், பயந்தவன் பயந்தவன்தான் என்று அன்றிரவு என் மனைவியிடம் அடித்துச் சொன்னேன். லீவு முடிந்த மறுநாள் காலை, நான் கவுண்ட்டரைத் திறப்பதற்கு முன்பே அவன் பாஸ்போர்ட்டும் கையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தான். வாழ்க்கையில் நான் சந்தேகப்பட்டுத் தோற்றது மிகச் சில தடவைதான். அன்றைக்குத் தோற்றதில் எனக்கு வந்த சந்தோஷத்தை அவனிடம் காட்டிக்கொள்ளாமல், “என்ன, எல்லார் பார்சலும் போய்ச் சேர்ந்துதா?” என்று மட்டும் கேட்டேன்.